துயில்வோனுக்கும் பாடம் சொல்லலாம்

உறக்கத்தின்மீது நம் அறநூல்களுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. மடியின்மை அதிகாரத்தில் திருவள்ளுவர், கெட்டழியப் போகிறவர்கள் ஆசையோடு ஏறிக்கொள்ளும் மரக்கலங்கள் என்று நான்கினைச் சொல்கிறார்: காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், தூக்கம். நன்னூலின் பொதுப்பாயிரமோ யாருக்கெல்லாம் பாடம் சொல்லக்கூடாது என்று ஒரு பட்டியலே தருகிறது. கள்ளுண்டு களிப்பவன், சோம்பேறி, செருக்குடையவன், திருடன், நோயாளி, பிணக்குக்காரன், சினம் கொள்பவன் என்று நீளும் அந்த வரிசையில் தூங்குகிறவனும் இடம்பெறுகிறான். நன்னூல் செய்த பவணந்தியார் பிறந்த சனகாபுரம் என்பது பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம்தான் என்று கொங்குநாட்டில் நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. அது உண்மையானால், தூங்குகிறவனைத் திண்ணையிலிருந்து இறக்கிவிட்டவர் எங்கள் ஈரோடு மாவட்டத்துக்காரர்.

நாங்கள் கொடுமுடிக்காரர்கள். தெற்கு நோக்கி வந்த காவிரி கிழக்கே திரும்பும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். மூவரும் பாடிய மகுடேசுவரர் கோயிலாலும், 1908-ஆம் ஆண்டு இங்கே பிறந்த கே.பி.சுந்தராம்பாளின் குரலாலும் வெளியூரார் இதை அறிவார்கள். சுற்றிலும் மஞ்சளும் கரும்பும் நெல்லும் விளைகிற பூமி. பவானியில் தொடங்கும் காளிங்கராயன் கால்வாய் எங்கள் ஊர்ப்பக்கம் வந்துதான் முடிகிறது. பாய்ச்சலுக்குக் காத்திருக்கிற ஊரில் உறக்கத்துக்கு மரியாதை கிடைப்பது அரிது. முறைத் தண்ணீர் நடுச்சாமத்தில் வரும். கிணற்றுப் பாசனக்காரருக்கு மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் இரவில்தான் மோட்டார் போடவேண்டும். விசைத்தறிக்குப் போகிறவர்களுக்கு இராத்திரி ஷிப்டு உண்டு. ஆக, விழித்திருப்பவன் பிழைப்பான், உறங்குபவன் நிலத்தை விற்பான் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் எடுத்துச் சொல்லாமலே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிற பாடம்.

வள்ளுவர் மறதியையும் தூக்கத்தையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார் அல்லவா? அவை இரண்டும் உண்மையிலேயே கூட்டாளிகள்தாமா என்பதே இக்கட்டுரையில் நாங்கள் கேட்டுப்பார்க்க விரும்பும் கேள்வி. கேள்வி எங்களுக்கு ஏட்டிலிருந்து வரவில்லை. எங்கள் தங்கை மகளிடமிருந்து வந்தது.

பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அவளை ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். காலை நாலரைக்கு மணி அடிக்கும். ஐந்து மணிக்குப் படிப்புக் கூடத்தில் இருக்கவேண்டும். இரவு பதினொன்றுக்கு விளக்கை அணைப்பார்கள். பொங்கல் விடுமுறைக்கு வந்தவள் முதல் இரண்டு நாட்கள் சாப்பிட மட்டுமே எழுந்தாள். வீட்டுப் பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. "பொட்டப்புள்ள இப்படித் தூங்குனா படிப்பு எங்கிருந்து ஏறும்?" என்று பெரியப்பா கேட்டார். மூன்றாம் நாள் அவளிடம் பேச்சுக்கொடுத்தபோது அவள் சொன்னது வேறு: "படிச்சதெல்லாம் உள்ளேதான் இருக்குதுங்க மாமா. கூப்பிட்டா வரமாட்டேங்குது." காலையில் ஒப்பித்த வேதியியல் சமன்பாடு மறுநாள் தேர்வில் பாதியில் நின்றுவிடுகிறது. அதற்குப் பரிகாரமாக விடுதியில் இன்னும் அரைமணி நேரம் கூடுதலாக விழித்திருக்கச் சொல்கிறார்கள். விழித்திருக்கிற அளவுக்கு மறதி கூடுகிறது. நாங்கள் வாசித்த வரையில், அந்தப் பெண் சொன்னதற்கு நூறாண்டுக்கும் மேலான விஞ்ஞானம் சாட்சி சொல்கிறது.

மறதியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மானியரான ஹெர்மன் எப்பிங்ஹாஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்து 1885-இல் வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்தில் மறதி செங்குத்தாக இறங்கி, பிறகு மெல்லச் சரிகிறது என்று கண்டார். 1900-ஆம் ஆண்டு கோட்டிங்கன் நகரத்து முல்லரும் பில்ட்செக்கரும் இன்னொரு கருத்தைச் சொன்னார்கள். படித்து முடித்த கணத்தில் நினைவு முழுமையடைந்துவிடுவதில்லை, அது இறுகி உறுதிப்படுவதற்குச் சற்றுக் காலம் வேண்டும், அதற்குள் வேறொன்றைத் திணித்தால் முந்தையது கலைந்துவிடும் என்பது அவர்கள் கருத்து.

மஞ்சள் விளைகிற ஊரில் இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. தை, மாசியில் கிழங்கை வெட்டி எடுத்த அன்றே யாரும் மண்டிக்குக் கொண்டுபோவதில்லை. வேகவைக்கவேண்டும். களத்தில் பரப்பிப் பத்துப் பதினைந்து நாள் காயவைக்கவேண்டும். பிறகு உருளையில் போட்டு மெருகேற்றவேண்டும். இவ்வளவும் ஆனபின் அது ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். வேகாத கிழங்கை மூட்டையில் கட்டினால் முளைக்கும், இல்லையேல் அழுகும். படிப்பு என்பது கிழங்கு வெட்டுவதைப் போன்றது. வேகவைப்பதும் காயவைப்பதும் பெரும்பாலும் நாம் உறங்கும்போது நடக்கின்றன.

இதற்கு முதல் நல்ல சான்று 1924-இல் கிடைத்தது. அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் இரண்டு மாணவர்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். பத்துப் பொருளற்ற அசைகளைப் படிக்கச் சொல்லி, ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி, எட்டு மணி நேரம் கழித்து ஒப்பிக்கச் சொன்னார்கள். சில நாட்களில் அந்த இடைவெளியை விழித்தபடி கழிக்கவேண்டும், சில நாட்களில் உறங்கிக் கழிக்கவேண்டும். எட்டு மணி நேரம் விழித்திருந்தபின் சுமார் ஓர் அசைதான் எஞ்சியது. உறங்கி எழுந்தபின் பாதிக்கு மேல் எஞ்சியிருந்தது. அதே தலை, அதே பாடம், அதே எட்டு மணி நேரம்.

இந்தப் பரிசோதனையைப் படித்தபோது எங்களுக்கு உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நினைவுக்கு வந்தது. 1855-இல் பிறந்த ஐயர், தம் இளமைக்காலத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இருந்த ஒரு வழக்கத்தை அதில் சொல்கிறார். மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குப் புறப்படும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு மிருகத்தின் பெயர் என்று சிலவற்றைச் சொல்லி அனுப்புவாராம். மறுநாள் காலையில் வந்ததும் அவற்றை மறவாமல் சொல்லவேண்டும். ஞாபக சக்தியை வளர்க்கச் செய்த ஏற்பாடு அது. அந்தப் பள்ளிக்கூடங்களைப் புகழ்வது எங்கள் நோக்கமன்று. பிரம்பும் கோதண்டமும் அங்கே இருந்தன. ஆனால் மாலையில் கொடுத்துக் காலையில் கேட்கும் அந்த முறையில் ஓர் இரவு பாடத்தின் பகுதியாகவே இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் பூவின் பெயரை முணுமுணுத்துக்கொண்டே நடந்த சிறுவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பான். மிச்ச வேலையை யார் செய்தார்கள் என்று உபாத்தியாயருக்கும் தெரிந்திருக்காது. கார்னல் மாணவர்கள் அந்த அசைகளைப் படிப்பதற்குப் பல்லாண்டுகள் முன்பே நம் திண்ணைகளில் அதே பரிசோதனை, அளவு எடுக்கப்படாமல் நடந்துகொண்டிருந்தது.

நன்னூலும் இதற்கு முற்றிலும் அயல் இல்லை. ஒரு நூலை இருமுறை கேட்டால் பிழை நீங்கும், மும்முறை கேட்டால் பிறருக்கு எடுத்துச் சொல்லும் ஆற்றல் வரும் என்ற பொருள்பட அது பேசுகிறது. கேட்ட பாடத்தைத் திரும்ப நினைத்துப் பார்க்கவும் சொல்கிறது. ஒரே மூச்சில் மும்முறை கேட்பதை ஆசிரியர் சொல்லியிருக்கமாட்டார் என்றே நாங்கள் வாசிக்கிறோம். தடவைக்கும் தடவைக்கும் நடுவில் நாட்கள் இருந்திருக்கும், நாட்களுக்கு நடுவில் இரவுகள் இருந்திருக்கும். பவணந்தியார் விலக்கிய துயில்வோன் பாட வேளையில் தூங்குகிறவன். இரவில் உறங்கிவிட்டு வருகிறவனை அவர் விலக்கவில்லை. இவ்விருவரையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டவர்கள் பின்னால் வந்த நாம்தாம்.

ஜென்கின்சும் டாலன்பாக்கும் தங்கள் முடிவுக்குச் சொன்ன விளக்கம் அடக்கமானது. உறங்கும்போது புதிய செய்திகள் வந்து பழையவற்றைக் கலைப்பதில்லை, அதனால் மறதி குறைகிறது என்றார்கள். கதவைச் சாத்தியதால் தூசு படியவில்லை என்பது போன்ற விளக்கம். சாத்திய கதவுக்குப் பின்னால் வீட்டுக்குள் வேலை நடக்கிறது என்பது தெரிய மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின.

1994-இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மாத்யூ வில்சன், புரூஸ் மெக்நாட்டன் என்ற இருவர் எலிகளின் மூளையில் நுண்ணிய மின்முனைகளைப் பொருத்தி ஆராய்ந்தார்கள். அவர்கள் கவனித்த பகுதிக்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் அது கடற்குதிரையைக் குறிக்கும் சொல். வடிவம் அப்படி இருப்பதால் வந்த பெயர். எலி ஓடுகிற பாதையின் ஒவ்வோர் இடத்துக்கும் அங்கே தனித்தனி நரம்பணுக்கள் துடிக்கும். பாதையில் ஓடியபோது சேர்ந்து துடித்த அணுக்கள், ஓட்டம் முடிந்து எலி உறங்கியபோது மறுபடியும் சேர்ந்து துடித்தன. பகலில் நடந்த பாதையை இரவில் மூளை இன்னொருமுறை நடந்துபார்க்கிறது என்று இதற்குப் பொருள் கொண்டார்கள்.

பிறகு வந்த ஆய்வுகள் அந்த இரவு வேலையின் முறையையும் ஓரளவு காட்டின. ஆழ்ந்த உறக்கத்தில் மூளையின் புறணியில் நொடிக்கு ஒன்றுக்கும் குறைவான பெரிய மெல்லலைகள் எழுந்து தாழ்கின்றன. அந்த அலையின் முதுகில் நொடிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து துடிப்புகள் கொண்ட சிறு கற்றைகள் தோன்றி மறைகின்றன. நடுவில் பருத்து இருமுனையும் மெலிந்து, நூல் சுற்றிய கதிரைப் போல் வரைபடத்தில் தெரிவதால் விஞ்ஞானிகள் அவற்றுக்கு உறக்கக் கதிர் என்றே பெயரிட்டார்கள். நூற்பாலைகள் மலிந்த கொங்குநாட்டில் இந்தப் பெயர் யாருக்கும் விளங்கும். ஹிப்போகாம்பஸில் எழும் அதிவேகச் சிற்றலைகள் இந்தக் கதிர்களோடு பொருந்தி நிகழும்போது, பகலில் தற்காலிகமாக அங்கே பதிந்த செய்தி புறணிக்குக் கைமாறி நிலைபெறுகிறது என்பது இன்று பெரும்பான்மையோர் ஏற்கும் கருத்து.

இதை மனிதரிடம் அழகாகக் காட்டியது 2007-இல் வெளியான ஓர் ஆய்வு. ஜெர்மனியின் லூபெக் நகரில் பியோர்ன் ராஷ், யான் போர்ன் முதலியோர், அட்டைகளில் ஜோடிப் படங்கள் இருக்கும் இடங்களை மாணவர்கள் மனப்பாடம் செய்யும்போது ரோஜா மணத்தை முகரவைத்தார்கள். அன்றிரவு அவர்கள் ஆழ்ந்து உறங்கும்போது, எழுப்பாமல் அதே மணத்தை மறுபடி மூக்கருகே செலுத்தினார்கள். காலையில், மணம் பெற்றவர்கள் அட்டைகளின் இடங்களைக் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். படிக்கும்போது மணம் இல்லாமல் உறக்கத்தில் மட்டும் செலுத்தியபோது பயன் இல்லை. விழித்திருக்கும்போது செலுத்தியபோதும் பயன் இல்லை. பகலில் விதைத்ததைத்தான் இரவு பயிராக்குகிறது. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். தூங்கும் பிள்ளையின் காதருகே ஒலிநாடாவை ஓடவிட்டால் பாடம் ஏறிவிடும் என்று ஒருகாலத்தில் விற்றார்கள். உண்மையில் உறங்கிவிட்டவருக்குப் புதுச் செய்தி எதுவும் ஏறுவதில்லை என்று 1956-லேயே சைமனும் எம்மன்சும் காட்டிவிட்டார்கள். படிக்காதவனுக்கு உறக்கம் எதையும் படித்துக்கொடுக்காது.

எங்கள் அம்மிச்சியை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கடைசி மூன்றாண்டுகள் அவருக்கு நினைவு தப்பியது. காலையில் சாப்பிட்டதை மறந்தார். எங்கள் பெயர்களை மறந்து, மாமன் பெயரைச் சொல்லி எங்களை அழைத்தார். ஆனால் திண்ணையில் உட்கார்ந்தபடி சுந்தரரின் நமச்சிவாயத் திருப்பதிகத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓர் அடி பிசகாமல் சொல்வார். ஏழாம் திருமுறையில் உள்ள அப்பதிகம் எங்கள் ஊர்க் கோயிலில் பிறந்தது. மனம் தவறவிட்டாலும் வாய் அந்த ஐந்தெழுத்தைத் தவறவிடாது என்பதுதான் அதன் பல்லவியின் கருத்து. இறைவன் பெயரைப் பற்றிச் சுந்தரர் பாடியதை எங்கள் அம்மிச்சி தம் உடம்பைக்கொண்டு மெய்ப்பித்துக்கொண்டிருந்தார்.

மருத்துவ உலகம் இதை வேறு வழியில் அறிந்துகொண்டது. 1953-ஆம் ஆண்டு ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க இளைஞருக்கு வலிப்பு நோயைத் தணிக்க அறுவை சிகிச்சை செய்தபோது, இருபுறத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப்பின் அவரால் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. சற்றுமுன் பேசியவரைக்கூட மறந்துவிடுவார். ஆனால் இளமையில் நடந்தவை அவர் நினைவில் இருந்தன. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் தெரியும் நட்சத்திர வடிவத்தைப் பார்த்து வரையும் கடினமான பயிற்சியை அவருக்கு மூன்று நாட்கள் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் தாம் அதை முதல்முறையாகச் செய்வதாகவே மொலைசன் நினைத்தார். கையோ நாளுக்கு நாள் தேறிக்கொண்டே போயிற்று. 2008-இல் அவர் இறந்தபின்தான் முழுப்பெயரை உலகம் அறிந்தது. அவரால் நாம் அறிந்தவை இரண்டு. கை, நா இவற்றின் பழக்கத்துக்கு மூளையில் வேறு இருப்பிடம் உண்டு. பழைய நினைவுகள் ஹிப்போகாம்பஸைப் பெரிதும் சாராமல் வேறிடத்தில் நிலைபெற்றுவிடுகின்றன. அம்மிச்சி சிறுமியாக இருந்தபோது மாலையில் கேட்டுச் சொன்ன பதிகம், எத்தனையோ ஆயிரம் இரவுகளில் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நாங்கள் கொள்கிறோம். காலைச் சாப்பாட்டின் நினைவுக்கு அந்தப் பயணம் வாய்க்கவில்லை.

வள்ளுவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜூலியோ டோனோனியும் கியாரா சிரெல்லியும் 2003-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். பகல் முழுதும் நரம்பணுக்களின் இணைப்புகள் வலுத்துக்கொண்டே போகின்றன, அப்படியே விட்டால் மறுநாள் கற்க இடமிருக்காது, ஆகவே உறக்கம் அவற்றைப் பொதுவாகத் தளர்த்தி, வேண்டாதவற்றை உதிரச் செய்கிறது என்பது அது. எதிர்க்கருத்துகள் உண்டென்றாலும் செல்வாக்குள்ள கருதுகோள். ஆக, உறக்கத்துக்கும் மறதிக்கும் உறவு இருக்கிறது. வயலில் களையெடுப்பவனுக்கும் செடிக்கும் உள்ள உறவு அது.

பெரியப்பாவிடம் இவற்றில் கொஞ்சம் சொல்லிப்பார்த்தோம். "நாங்கெல்லாம் ராத்திரி தண்ணி கட்டீட்டு வந்துதான் படிச்சோம், ஒண்ணும் கொறஞ்சு போகலை" என்றார். அது பொய்யன்று. ஆனால் தண்ணீர் கட்டிவிட்டு வந்த அந்தத் தலைமுறை, மதியம் சாப்பிட்டபின் வேப்பமர நிழலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுத்த தலைமுறையும்கூட. அந்தக் கட்டில் தூக்கத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

நம் தமிழ்நாட்டிலேயே அதைக் கணக்கில் வைத்த ஓர் ஆய்வு உண்டு. சென்னையில் குறைந்த வருவாயுள்ள 452 பேரைத் தரவுப் பதிவு வேலைக்கு அமர்த்தி, மணிக்கட்டில் கருவி கட்டி, அவர்கள் உறக்கத்தை ஏறத்தாழ ஒரு மாத காலம் அளந்தார்கள். பெத்ரோ பெசோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்டு, மத்தி தோமா ஆகிய பொருளியலாளர்கள் செய்த இந்த ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. அந்த மக்கள் இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தார்கள், உறங்கியது ஐந்தரை மணி நேரமே. வெக்கை, கொசு, இரைச்சல், நெருக்கடி இவற்றுக்கிடையே வந்து வந்து போகிற தூக்கம். கண்மறைப்பு, காதடைப்பான், விசிறி முதலியவற்றைக் கொடுத்தும் ஊக்கத்தொகை கொடுத்தும் இரவு உறக்கத்தைச் சராசரியாக 27 நிமிடம் கூட்டினார்கள். ஆய்வாளர்களே எதிர்பாராத வகையில், அதனால் வேலைத்திறனிலோ அறிவுத்திறனிலோ மாற்றம் ஏதும் தென்படவில்லை. ஆனால் அலுவலகத்திலேயே அமைதியான இடத்தில் மதியம் அரைமணி நேரம் உறங்க இடம் கொடுத்தபோது, வேலைத்திறனும் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. துண்டு துண்டான தூக்கத்தை நீட்டுவதைவிட, சிறிதானாலும் கலையாத தூக்கம் பயன்பட்டது. பெரியப்பாவின் கயிற்றுக்கட்டிலுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது.

சென்னை ஏழைகளுக்கு வாய்த்த ஐந்தரை மணி நேரமும் எங்கள் தங்கை மகளின் விடுதியில் பதினொன்று முதல் நாலரை வரை உள்ள நேரமும் ஒன்று என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். அவர்களுக்கு அதை வறுமை கொடுத்தது. அவளுக்கு நாம் பணம் கட்டி வாங்கிக்கொடுத்தோம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. அந்த வயதில் உடம்பின் கடிகாரமே சற்றுப் பின்தள்ளி ஓடுகிறது. இரவு சீக்கிரம் தூக்கம் வராது, விடியலில் எழ முடியாது. அதைச் சோம்பல் என்று திட்டுகிறோம். இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. கனவுகள் நிறைந்த உறக்கம் பிற்பகுதியில்தான் மிகுதி. நாலரை மணிக்கு அடிக்கும் மணி, அந்தப் பிற்பகுதியை அப்படியே வெட்டி எடுத்துவிடுகிறது.

விடுதிப் பள்ளிகளை ஒரேயடியாகப் பழிப்பது எங்கள் எண்ணமன்று. நாமக்கல், ஈரோடு வட்டாரத்தில் அவை பெருகியதற்குக் காரணம் இருக்கிறது. மழையையும் மஞ்சள் விலையையும் நம்பிச் சலித்த குடும்பங்கள், பிள்ளையாவது மாதச் சம்பளத்துக்குப் போகட்டும் என்று நினைத்தன. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத தாய்மார் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டினார்கள். அந்த ஆசையைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த ஆசை வாங்க விரும்பியது படிப்பை. படித்தது தங்கவேண்டுமானால் இரவு வேண்டும். கொடுக்கிற பணத்துக்குக் கிழங்கை வெட்டித் தருகிறார்கள், வேகவைக்க அடுப்பைத் தருவதில்லை.

தங்கையும் மைத்துனரும் பலமுறை யோசித்தபின், தேர்வுக்கு முந்தைய வாரங்களில் மகளை வீட்டிலிருந்து படிக்கச் சொன்னார்கள். அதற்கு ஊரில் எழுந்த பேச்சுகள் கொஞ்சமல்ல. கட்டிய பணம் வீணாயிற்று என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்றார்கள். மாலையில் கடினமான பாடத்தைப் படிப்பது, பத்து மணிக்கு விளக்கை அணைப்பது, காலையில் எழுந்ததும் புத்தகத்தைத் திறக்காமல் முந்தின நாள் படித்ததைத் தாளில் எழுதிப்பார்ப்பது என்று ஒரு முறையை அவளே வகுத்துக்கொண்டாள். ஐயர் சொன்ன திண்ணைப் பள்ளியின் முறைதான் அது. அவள் எத்தனை மதிப்பெண் வாங்கினாள் என்பதை எழுதப்போவதில்லை. ஒரு பெண்ணின் மதிப்பெண்ணால் எந்தக் கொள்கையும் நிறுவப்படுவதுமில்லை, வீழ்வதுமில்லை. தாள் முன்னால் உட்காரும்போது கூப்பிட்டது வருகிறது என்று அவள் சொன்னாள். அவள் முகத்திலும் பழைய வெளிச்சம் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆண்டுதோறும் கோடையில் கொங்குநாட்டுச் சாலைகளில் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்குவதைப் பார்க்கிறோம். சென்ற ஆண்டு எத்தனை பேர் மருத்துவத்துக்குப் போனார்கள், சாப்பாடு எப்படி, கட்டணத்தைத் தவணையில் கட்டலாமா என்று விவரமாக விசாரிக்கிறார்கள். இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம். இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள்? காலை எத்தனை மணிக்கு மணி அடிப்பீர்கள்? நடுவிலுள்ள நேரம் எட்டு மணிக்குக் குறைந்தால் பணப்பையை மூடிவிட்டு அடுத்த பள்ளிக்குப் போகலாம். நூறு பெற்றோர்கள் இப்படிப் போனால், நூற்றியோராவது பெற்றோர் வருவதற்குள் அந்த மணியின் நேரம் மாறியிருக்கும்.